வயலின் உப்பு, குழாயின் ஆயுள்

கோபன்ஹேகனிலிருந்து தெற்கே வோர்டிங்போர்குக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆகஸ்ட் மாதக் கடைசி. ஜன்னலுக்கு இரு பக்கமும் கோதுமையும் பார்லியும் அறுத்து முடித்த வயல்கள். தாள் மட்டும் மஞ்சளாக நிற்கிறது. நடுவே வரிசை வரிசையாகச் செவ்வக வைக்கோல் கட்டுகள். ஒவ்வொன்றும் ஆள் உயரத்தைவிட நீளம், எடை அரை டன். கட்டுவதும் தூக்குவதும் இயந்திரங்கள்தான். வயலில் ஆட்களையே காணோம். இந்த வைக்கோலில் ஒரு பகுதி மாட்டுக் கொட்டிலுக்குப் போகும். ஒரு பகுதியை மண்ணோடு சேர்த்து உழுதுவிடுவார்கள். இன்னொரு பகுதி மின் நிலையங்களுக்குப் போகிறது. அதைப் பின்தொடர்ந்துதான் நான் வந்திருந்தேன்.

திருச்சிக்காரர்களுக்குக் கொதிகலன் அந்நியப் பொருள் அல்ல. திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை வந்த பிறகு, எங்கள் பக்கத்தில் குழாய் வளைத்தவர், வெல்டிங் வைத்தவர், வெல்டிங்கின் எக்ஸ்ரே படம் பார்த்தவர் என்று தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். நிலக்கரிக் கொதிகலன்களின் கணக்குகளிலேயே பழகிய எனக்கு டென்மார்க்கின் கணக்கில் ஓர் இடம் உறுத்தியது. வட யூட்லாந்தில் ஆல்போர்க் நகருக்கு அருகே இருக்கும் நிலக்கரி நிலையத்தின் மூன்றாம் அலகு 1998இல் 582 டிகிரி செல்சியஸ் நீராவியில் ஓடத் தொடங்கியது. அதே காலத்தில் அதே நாட்டில் கட்டிய வைக்கோல் கொதிகலன்களோ 520, 540 டிகிரியோடு நின்றுவிட்டன. நீராவியின் சூடு ஏற ஏற, ஒரே அளவு எரிபொருளிலிருந்து கிடைக்கும் மின்சாரமும் கூடும். வைக்கோல் நெருப்பிலும் சூட்டுக்குக் குறைவில்லை. அப்படியிருக்க அந்த நாற்பது, அறுபது டிகிரியை ஏன் விட்டுக்கொடுத்தார்கள்? அதை மீட்டுத் தரக்கூடிய உலோகம் எது? இந்த இரண்டு கேள்விகளோடு டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் சுற்றினேன்.

மழையில் நனைந்த வைக்கோல்

வோர்டிங்போர்கை ஒட்டிய சின்னத் தீவு மாஸ்னெடோ. 1937இல் திறந்த ஸ்டோர்ஸ்ட்ரோம் பாலம் இங்கிருந்துதான் கடலைக் கடந்து ஃபால்ஸ்டர் தீவுக்குப் போனது. பாலத்தின் நிழலுக்குப் பக்கத்தில் 1996இல் எழுந்தது மாஸ்னெடோ வைக்கோல் நிலையம். ஆண்டுக்குச் சுமார் 40,000 டன் வைக்கோலுக்காக வடிவமைத்தது. நீராவி 522 டிகிரி. மின்சாரம் எடுத்தது போக மிஞ்சும் வெப்பம் வெந்நீராக நகரத்து வீடுகளுக்குக் குழாய் வழியே போகிறது. ஐரோப்பியக் குளிரில் மின்சாரத்தைப் போலவே மதிப்புள்ள சரக்கு அது.

1970களின் எண்ணெய் நெருக்கடி டென்மார்க்கை உலுக்கியது. எரிபொருளுக்கு வெளியாரை நம்பியிருந்த நாடு அது. பண்ணைகளும் சிற்றூர்களும் வைக்கோலை எரித்து வீடுகளைச் சூடாக்கப் பழகின. 1989இல் ஹாஸ்லெவ் ஊரில் வைக்கோலில் ஓடும் மின்-வெப்ப நிலையம் வந்தது. 1993 ஜூனில் அரசியல் கட்சிகள் கூடி ஓர் உடன்பாடு கண்டன: 2000ஆம் ஆண்டுக்குள் மின் நிறுவனங்கள் ஆண்டுக்கு 12 லட்சம் டன் வைக்கோலும் 2 லட்சம் டன் மரச் சில்லும் எரிக்க வேண்டும். இலக்கை முதலில் வைத்தார்கள். எந்தக் குழாய் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்விக்கான விடைகளில் பலவற்றை ஓடும் கொதிகலன்களிலேயே கண்டுபிடித்தார்கள்.

கிடங்கில் ஒரு லாரி வந்து நின்றது. மேலே ஓடும் கிரேன் ஒரு வரிசைக் கட்டுகளை அப்படியே கவ்வித் தூக்கியது. தூக்கும்போதே எடை பதிவாகிறது. நுண்ணலையை ஊடுருவவிட்டு ஈரத்தையும் அளந்துவிடுகிறார்கள். ஈரத்துக்குத் தக்கபடி விலை. அளவு மீறினால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

கிடங்கைக் கவனிப்பவர் விவசாயக் குடும்பத்துக்காரர். இரண்டு கட்டுகளிலிருந்து ஒவ்வொரு பிடி உருவி என் கையில் வைத்தார். ஒன்று பளபளக்கும் பொன்னிறம். மற்றது சாம்பல் பூத்து, உயிர் போனதுபோல் இருந்தது. "மாட்டுக்கு இது" என்று பொன்னிறத்தைத் தொட்டார். "பாய்லருக்கு அது" என்று சாம்பல் நிறத்தைக் காட்டினார்.

அறுத்த வைக்கோல் வயலில் கிடக்கும்போது நல்ல மழை பெய்து, பிறகு வெயிலில் காய்ந்தால் அது சாம்பல் நிறமாகிறது. நம் ஊரில் களத்து வைக்கோல் நனைந்தால் வீடே வருத்தப்படும். இங்கே கொதிகலன்காரர்கள் அந்த மழையை வேண்டிக் காத்திருக்கிறார்கள். காரணம், மழை வைக்கோலிலிருந்து உப்பைக் கழுவி மண்ணுக்கே இறக்கிவிடுகிறது. டேனிஷ் கையேடுகள் தரும் சராசரிக் கணக்கில், மழை படாத மஞ்சள் வைக்கோலில் குளோரின் 0.75 சதவீதம். மழையில் கழுவிய வைக்கோலில் 0.2 சதவீதம். பொட்டாசியமும் அதே போல் 1.18இலிருந்து 0.22க்கு இறங்கிவிடுகிறது.

இந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். கிடங்குக்காரர் வயல் பக்கம் கையை நீட்டினார். நம் உழவர்கள் சாம்பல் சத்து என்று போடும் பொட்டாஷ் உரம் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான். தாள் சாயாமல் நிற்கவும் மணி திரளவும் பயிருக்குப் பொட்டாசியம் வேண்டும். எடுத்துக்கொண்டதில் பெரும்பங்கை மணிக்கு அனுப்பாமல் வைக்கோலிலேயே வைத்துக்கொள்கிறது பயிர். கூடவே வந்த குளோரினும் தாளில் தங்கிவிடுகிறது. மூட்டையிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து தாளுக்கு, தாளிலிருந்து உலைக்கு என்று ஒரே உப்பு பயணம் செய்கிறது. உலைக்குள் ஆவியாகி மேலே எழும் அந்த உப்பு அடுத்துப் போய் உட்கார்வது குழாயின் மேல்.

கொதிகலனுக்குள்

ஷீலன்ட் தீவின் இன்னொரு நிலையத்தில், கோடைப் பராமரிப்புக்காக நிறுத்திக் குளிரவைத்திருந்த கொதிகலன் ஒன்றுக்குள் நுழைய அனுமதி கிடைத்தது. ஆள் நுழையும் வட்டத் துளை வழியே உடலைக் குறுக்கி இறங்கினால், மேலேயிருந்து திரைச்சீலை மாதிரி தொங்கும் சூப்பர் ஹீட்டர் குழாய்கள். தண்ணீர் நீராவியானதும், அந்த நீராவியை மேலும் சூடேற்றி டர்பைனுக்கு அனுப்பும் கடைசிக் கட்டக் குழாய்கள் இவை. கொதிகலனிலேயே அதிகச் சூடு படும் உலோகம் இதுதான். உள்ளே 540 டிகிரி நீராவி ஓடினால், வெளித்தோலின் சூடு அதைவிட இன்னும் சில பத்து டிகிரி கூடுதலாக இருக்கும்.

குழாய்களின் மேல் வெள்ளையும் பழுப்புமாக உப்பும் சாம்பலும் இறுகிய படிவு. உடன் வந்த பராமரிப்புப் பொறியாளர் சிறு சுத்தியலால் தட்டினார். ஓடு ஓடாக உதிர்ந்தது. உதிர்ந்த துண்டு ஒன்றைத் திருப்பிக் காட்டினார். புகை படும் பக்கம் சாம்பல். குழாயைத் தொட்டிருந்த பக்கம் கறுப்பு. அந்தக் கறுப்பு இரும்பு ஆக்ஸைடு, அதாவது குழாயாக இருந்த உலோகம். படிவு உதிரும்போதெல்லாம் குழாயும் கொஞ்சம் போகிறது. பிறகு மேற்பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மீயொலிக் கருவியை வைத்துச் சுவரின் கனத்தை அளந்தார்கள். ஒருவர் எண்ணைச் சொல்ல இன்னொருவர் குறித்துக்கொண்டார். போன ஆண்டு அதே இடத்தில் எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று குழாய் குழாயாகக் கணக்கு. எந்தக் குழாயை இப்போதே மாற்றுவது, எதை இன்னொரு குளிர்காலம் விட்டுவைப்பது என்பதை அந்த நோட்டுதான் முடிவு செய்யும். டியூப் லீக் நடுக் குளிர்காலத்தில் வந்தால் ஒரு நகரத்தின் வெந்நீருக்கே ஆபத்து.

டென்மார்க்கின் வைக்கோல் சூப்பர் ஹீட்டர்களில் அதிகம் புழங்கியது டிபி347எச் என்ற ஆஸ்டெனைட் வகை எஃகு. 18 சதவீதத்தை ஒட்டிக் குரோமியம், 10 சதவீதத்தை ஒட்டி நிக்கல், கொஞ்சம் நியோபியம். நம் அடுக்களை எவர்சில்வர் குடத்துக்கு இது நெருங்கிய உறவு. குடம் துருப்பிடிக்காமல் இருப்பதற்கு அதன் மேல் தானாகவே படரும் குரோமியம் ஆக்ஸைடு படலம்தான் காரணம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு. கீறினால் மறுபடி தானே படரும். இந்தக் குழாய்க்கும் அதே தோல்தான் காவல். எஃகுக்குள் இருக்கும் படிக மணிகளைச் சிறிதாக்கினால் குரோமியம் விரைவாக மேற்பரப்புக்கு வந்து சேரும் என்பதால், நுண்மணி வகையையே வைக்கோல் கொதிகலன்களுக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

வைக்கோலின் உப்பு இந்தத் தோலை இரண்டு வழியில் தாக்குகிறது. பொட்டாசியம், குரோமியம் ஆக்ஸைடோடு சேர்ந்து பொட்டாசியம் குரோமேட் என்ற மஞ்சள் உப்பாகிறது. காவலாக நின்ற குரோமியம் அதில் செலவழிந்துபோகிறது. தோல் கிழிந்த இடத்தில் குளோரின் உள்ளே புகுந்து இரும்பைப் பிடிக்கிறது. 500 டிகிரி தாண்டிய சூட்டில் இரும்புக் குளோரைடு எளிதில் ஆவியாகும். ஆவி வெளிப்பக்கம் வரும். ஆக்ஸிஜன் கிடைத்ததும் இரும்பு ஆக்ஸைடாகப் படியும். விடுபட்ட குளோரின் மறுபடி உள்ளே போகும். குளோரின் தான் செலவாகாமல் இரும்பை மட்டும் சுமந்து சுமந்து வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் குளோரின் பெரிய சேதம் செய்வது இதனால்தான். 520, 540 டிகிரிக்கு மேல் அரிப்பின் வேகம் திடீரென்று கூடுவதற்கும் இந்த ஆவியாதல் ஒரு முக்கியக் காரணம்.

இந்த அரிப்புக்கு இன்னொரு துணையும் உண்டு. பொட்டாசியம் குளோரைடு தனியாக உருக 770 டிகிரி வேண்டும். இரும்புக் குளோரைடோடு கலந்துவிட்டாலோ 400 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். உருகிய உப்பில் நனைந்த உலோகம் அரிபடும் வேகம் தனி.

விட்டுக்கொடுத்ததும் வென்றதும்

கோபன்ஹேகனின் தென்மேற்கில், கடற்கரையோரமாக அவெடோர மின் நிலையம். பக்கத்திலேயே கடலுக்குள் காற்றாலைகள். இதன் இரண்டாம் அலகை 2000களின் தொடக்கத்தில் கட்டினார்கள். பெரிய கொதிகலனோடு தனியாக ஒரு வைக்கோல் கொதிகலனும் சேர்ந்து ஒரே டர்பைனுக்கு நீராவி தருகிறது. ஆண்டுக்கு 1,50,000 டன் வரை வைக்கோல் இங்கே எரியும். மின்சாரமும் வீடுகளுக்குப் போகும் வெப்பமும் சேர்த்துப் பார்த்தால், எரிபொருளில் உள்ள ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பயனாகிறது. இந்த வைக்கோல் அலகின் புகையிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடைப் பிரித்து வட கடலுக்கு அடியில் செலுத்தும் திட்டத்துக்கு 2023இல் டேனிஷ் எரிசக்தி முகமை இருபது ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. மேற்கு ஷீலன்டில் இருக்கும் அஸ்னெஸ் நிலையத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 4,30,000 டன் என்பது இலக்கு. காற்றிலிருந்து பயிர் எடுத்த கரியை மறுபடி காற்றுக்கு விடாமல் கடலடியில் பூட்டும் முயற்சி. இவ்வளவு பெரிய ஏற்பாடும் கொதிகலன் நில்லாமல் ஓடுவதை நம்பித்தான் இருக்கிறது.

உலோகம் தாங்காத இடத்தில் வடிவமைப்பாளர்கள் வழியை மாற்றியதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, ஜெர்மன் எல்லையை ஒட்டிய ஓபென்ரோ நகரருகே இருந்த என்ஸ்டெட் நிலையம். 1998இல் வந்த அதன் உயிர்ப்பொருள் கொதிகலனில் வைக்கோல் நெருப்பு நீராவியை 470 டிகிரி வரைதான் சூடேற்றியது. உப்பின் வெறி தொடங்காத எல்லை அது. அங்கிருந்து நீராவி பக்கத்துக் கொதிகலனுக்குப் போனது. அங்கே எரிந்தது மரச் சில்லு. மரத்தில் குளோரின் மிகக் குறைவு. அந்த நெருப்பில் நீராவி பயமில்லாமல் 542 டிகிரிக்கு ஏறியது. அந்த நிலையம் பிறகு மூடப்பட்டது. ஆனால் எந்த எரிபொருளுக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுத்த அந்த யோசனைக்கு வயதாகவில்லை.

ஆர்ஹூஸ் அருகே ஸ்டுட்ஸ்ட்ரூப் நிலையத்தில் 1990களின் நடுவில் வேறொரு பாடம் கிடைத்தது. அங்கே நிலக்கரியோடு பத்திலிருந்து இருபது சதவீதம் வரை வைக்கோலைக் கலந்து எரித்துப் பார்த்தார்கள். அரிப்பு கட்டுக்குள் நின்றது. நிலக்கரிச் சாம்பலில் இருக்கும் களிமண் வகைக் கனிமங்கள் பொட்டாசியத்தைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. நிலக்கரியின் கந்தகம் மீதிப் பொட்டாசியத்தைச் சல்பேட்டாக மாற்றுகிறது. சல்பேட் உருக ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும். குழாய்க்கு அதிகத் தீங்கு இல்லை. குளோரின் அமில வாயுவாகப் புகையோடு போய்விடுகிறது. காற்றை மாசாக்கும் என்று நாம் திட்டுகிற கந்தகம் இங்கே குழாயைக் காக்கிறது. ஸ்வீடனின் வாட்டன்ஃபால் நிறுவனம் இதையே ஒரு தொழில்நுட்பமாக்கி, உலைக்குள் அம்மோனியம் சல்பேட் தெளிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருக்கிறது. புகையில் எவ்வளவு உப்பாவி இருக்கிறது என்று ஓடும்போதே அளந்து, அதற்கேற்பத் தெளிப்பார்கள்.

சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிகிராம்

ஓரசுன்ட் பாலத்தின் மேல் கடலைக் கடந்து, மால்மோ வழியாக வடக்கே கோத்தன்பர்க். அங்குள்ள சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் உயர்வெப்ப அரிப்பு ஆய்வுக்கென்றே ஒரு மையம் நடக்கிறது. உருக்காலைகள், கொதிகலன் செய்பவர்கள், மின் நிலையக்காரர்கள் என்று போட்டியாளர்களும் வாடிக்கையாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பணம் போட்டு நடத்தும் ஆய்வு. ஆய்வகத்தில் கொங்குப் பக்கத்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர் காத்திருந்தார். தமிழ்க் குரல் கேட்டதும் எனக்குப் பயணக் களைப்பு பாதி போயிற்று.

கட்டை விரல் நகம் அளவில் சின்னச் சின்ன எஃகு வில்லைகள். கண்ணாடிபோலத் தேய்த்து மெருகேற்றியவை. பொட்டாசியம் குளோரைடு கரைசலை அவற்றின் மேல் மெல்லத் தெளித்து உலர்த்துகிறார்கள். "கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது சார். சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் உப்பு" என்றார். பிறகு 600 டிகிரி குழாய் உலையில், ஆக்ஸிஜனும் நீராவியும் கலந்த காற்றோட்டத்தில் 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம். உப்பில்லாமல் வைத்த வில்லையும் உப்போடு வைத்த வில்லையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே எஃகுத் தகட்டில் வெட்டியவை என்று சொன்னால்தான் நம்ப முடியும். ஒன்றில் மெருகு லேசாக நிறம் மாறியிருக்கிறது. மற்றதில் பழுப்புப் பொருக்கு வீங்கி எழுந்திருக்கிறது.

அதன் குறுக்கு வெட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் திரையில் பார்த்தோம். மேலே தடித்த இரும்பு ஆக்ஸைடு, அதற்குக் கீழே இரும்பும் குரோமியமும் கலந்த ஆக்ஸைடு, அதற்கும் கீழே உலோகம். உலோகத்தின் எல்லை நேர்கோடாக இல்லை. எஃகு மணிகளின் இடுக்குகள் வழியே அரிப்பு வேர் விட்டு இறங்கியிருந்தது. சில இடங்களில் இரும்பும் குரோமியமும் போய், நிக்கல் மட்டும் துளை துளையாக எலும்புக்கூடுபோல் நின்றது. "நிக்கல் குளோரைடு அவ்வளவு சுலபமா உருவாகாது, ஆவியாகவும் இன்னும் சூடு வேணும். அதான் சார் நிக்கல் கூடுதலா இருக்கற கலவை தாக்குப்பிடிக்குது" என்று விளக்கினார்.

பாதி உலகம் இன்கோனல் 625ஐ நாடுவதற்கு அந்த எலும்புக்கூடுதான் விளக்கம். ஏறத்தாழ அறுபது சதவீதம் நிக்கல், இருபதுக்கு மேல் குரோமியம், எட்டு முதல் பத்து சதவீதம் மாலிப்டினம். முழுக் குழாயையும் அதில் செய்தால் விலை கட்டாது. அதனால் சாதாரண எஃகுக் குழாயின் மேல் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு வெல்டிங்கால் பூசுகிறார்கள். குப்பை எரிக்கும் கொதிகலன்களில் இது இன்று அன்றாட வழக்கம். வெல்டிங் ஊரில் பிறந்தவன் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பூச்சில் அடியிலுள்ள இரும்பு உருகி மேலே அதிகம் கலந்துவிட்டால், கொடுத்த நிக்கல் காசு வீண். கலப்பைக் குறைத்து, ஒரே கனத்தில், பக்கத்துப் பக்கத்தில் மணி கோத்ததுபோல் வெல்டிங் வைப்பவரின் கைத்திறன் இந்த உலோகத்தின் குணத்தில் பாதி.

அலுமினியத்தை நம்பும் வழி

ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே, மேலாரன் ஏரிப் பகுதியில், வாய்க்கால் ஓடும் சிற்றூர் ஹால்ஸ்டாஹம்மர். 1931இல் தொடங்கிய கான்தால் நிறுவனத்தின் ஊர் அது. ஹான்ஸ் ஃபான் கான்ட்ஸோ என்ற பொறியாளர் இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றையும் சேர்த்து உருவாக்கிய கலவை, உலகெங்கும் மின் உலைகளின் சூடேற்றும் கம்பியாகப் போயிற்று. அந்தக் கம்பி 1000 டிகிரி தாண்டிய சூட்டில் ஆண்டுக்கணக்கில் உயிர் வாழ்கிறது. அதன் மேல் படர்வது அலுமினியம் ஆக்ஸைடு. குரோமியம் ஆக்ஸைடைவிட உறுதியான காவல். பொட்டாசியம் அதைக் குரோமேட்டாக மாற்றித் தின்ன வழியில்லை. நிக்கலும் வேண்டாம் என்பதால் விலையிலும் நம்பிக்கை தரும் வழி. வைக்கோல் கொதிகலன்காரர்களின் கண் இந்தக் கலவையின் மேல் விழுந்ததில் வியப்பில்லை.

தடை எங்கே என்றால், நல்ல அலுமினியம் ஆக்ஸைடு தோல் படர 900 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். சூப்பர் ஹீட்டர் குழாயின் 600 டிகிரி அதற்குப் போதாது. தோல் முழுதாகப் படரும் முன்பே கலவையில் உள்ள குரோமியத்தைப் பொட்டாசியம் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கொதிகலனில் மாட்டும் முன்பே அதிகச் சூட்டில் வைத்துத் தோல் வளர்த்துவிடும் முறையைச் சோதித்தார்கள். பலன் தெரிந்தது, ஆனால் அந்தத் தோல் எங்கேனும் கீறினால் 600 டிகிரியில் மறுபடி எளிதில் வளராது. குரோமியத்தைக் குறைத்துக் கொஞ்சம் சிலிக்கன் சேர்த்த புதிய கலவைகள் அடுத்த முயற்சி. முதல் தோல் கிழிந்த பிறகும் உள்ளே மெதுவாக வளரும் இரண்டாம் தோல் எவ்வளவு நல்லதாக இருக்கிறது என்பதையே கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் இப்போது முக்கியமாகப் பார்க்கிறார்கள். கொதிகலனில் முதல் தோல் எப்படியும் ஒருநாள் கிழியும் என்று ஒப்புக்கொண்டு, அதன் பிறகான வாழ்க்கையைத் திட்டமிடும் ஆராய்ச்சி இது. எனக்கு இந்த அணுகுமுறையில் மிகுந்த மரியாதை உண்டானது.

பயணத்தின் கடைசி நிறுத்தம் ஸ்டாக்ஹோமின் வார்தான். 2016இல் திறந்த மரச் சில்லு நிலையம், குடியிருப்புகளுக்கு நடுவே சுட்ட மண் நிறத்தில் நிற்கிறது. கப்பலிலும் ரயிலிலும் காட்டுக் கழிவு வருகிறது. 130 மெகாவாட் மின்சாரம், 280 மெகாவாட் வெப்பம். மணலைக் காற்றில் சுழலவிட்டு எரிக்கும் வகைக் கொதிகலன் அது. இவ்வகைக் கொதிகலன்கள் பலவற்றில் கடைசிச் சூப்பர் ஹீட்டரைப் புகையின் பாதையிலேயே வைப்பதில்லை. சுழன்று திரும்பும் சூடான மணலுக்குள் புதைத்துவிடுகிறார்கள். உப்பாவி புகையோடு வேறு பக்கம் போய்விட, குழாய்க்கு மணலின் சூடு மட்டும் கிடைக்கிறது.

நம் சக்கையும் சோகையும்

பார்த்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, எந்த உலோகம் என்ற என் இரண்டாம் கேள்வியே வேறாகிவிட்டது. எல்லா உப்பையும் வெல்லும் கலவை என்று யாரும் எனக்குக் காட்டவில்லை. அப்படி ஒன்று கையில் இருப்பதாக யாரும் சொல்லவுமில்லை. வைக்கோலை மழையில் விடுவது, மரத்தை வேறு நெருப்பில் எரிப்பது, கந்தகம் தெளிப்பது, குழாயை மணலில் புதைப்பது, நிக்கல் பூசுவது எல்லாம் ஒரே வேலையின் பகுதிகள். எரிபொருளில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று தெரிந்தவர்களே உலோகத்தைச் சரியாகத் தேர்ந்திருக்கிறார்கள்.

கோத்தன்பர்க் மாணவர் கேட்டது நெஞ்சிலேயே நிற்கிறது: "எங்க பக்கம் தென்னை மட்டையும் நார்க்கழிவும் எரிக்கறாங்க சார். அதுல குளோரின் எவ்வளவுன்னு பாத்துட்டா எரிக்கறாங்க?" தென்னை உப்பை விரும்பும் மரம், அதன் கழிவிலும் குளோரின் அதிகம். கரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் நீர் தெளித்துத் தெளித்துப் பிழிவதால் சக்கையின் உப்பு சாற்றோடு போய்விடுகிறது. டென்மார்க்கின் மழை செய்த வேலையை இங்கே ஆலையே செய்துவிடுகிறது. நம் சர்க்கரை ஆலைகளின் இணைமின் கொதிகலன்கள் 515, 540 டிகிரியில் ஓட முடிவதற்கு அந்தக் குளியலும் ஒரு காரணம். கரும்பின் காய்ந்த தோகையான சோகைக்கு அந்தக் குளியல் கிடையாது. சக்கை தீர்ந்த மாதங்களில் அதே கொதிகலனில் சோகையையோ தென்னைக் கழிவையோ கொட்டினால், உயிர்ப்பொருள் என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் குழாய்க்கு அது வேறு எரிபொருள். பஞ்சாபில் நெல் வைக்கோல் வயலிலேயே எரிந்து வட இந்தியாவை மூச்சுத் திணற வைக்கிறது. 2021 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் நிலக்கரி நிலையங்களில் ஐந்து சதவீதம் உயிர்ப்பொருளைக் கலந்து எரிக்கச் சொன்ன கொள்கை நல்ல தொடக்கம். ஸ்டுட்ஸ்ட்ரூப் காட்டியதுபோல நிலக்கரியே அங்கே குழாய்க்குத் துணை. வைக்கோலை மட்டும் எரிக்கும் கொதிகலன் என்று வரும்போது அந்தத் துணை இருக்காது. கோதுமை வைக்கோலில் நூற்றுக்கு நாலு பங்கு சாம்பல் என்றால், நெல் வைக்கோலில் அது பல மடங்கு. அதற்கான கணக்கை டென்மார்க்கிலிருந்து கடன் வாங்க முடியாது.

உயிர்ப்பொருள் கொதிகலன் ஒன்றுக்கு ஆர்டர் எழுதும்போது, நீராவி எத்தனை டன், எத்தனை டிகிரி என்று கேட்பதற்கு முன், அந்த வட்டாரத்து எரிபொருளில் குளோரின், பொட்டாசியம், கந்தகம் எவ்வளவு என்று பருவந்தோறும் அளந்த தாள் ஒன்று மேசையில் இருக்க வேண்டும். அதைத் தயாரிக்க வேளாண் பல்கலைக்கழகமும் கொதிகலன் தொழிற்சாலையும் சேர்ந்து உட்கார வேண்டும். கோயம்புத்தூரும் திருச்சியும் ஒன்றுக்கொன்று தூரமில்லை. எந்த வயலுக்கு எந்த உரம் போனது, அறுத்த தாள் எத்தனை மழை கண்டது என்று விசாரித்துவிட்டு எஃகைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நமக்கு வந்தால், நம் உழவர் எரித்து வீணாக்கும் தாள் நம் ஊர்களுக்கு மின்சாரமாகும். உலையின் அடிச்சாம்பல் உரமாக அவர் வயலுக்கே திரும்பும். டென்மார்க்கில் அது நடக்கிறது. நம்மாலும் முடியும்.